‘செரி’ என்று சொன்ன மனிதர்

1

போன மாதம் வேலையிடத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் சேர்ந்து பத்து ஆண்டுகள் ஆகின்றனவாம். கேக்கின் மேல் க்ரீமில் என் பெயர் ‘கோடி’ என்று இருந்தது. முழுப் பெயர் பூங்கொடி. அது அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்குப் பெயரைச் சுருக்கச் சொன்னார்கள். முதல் எழுத்தை மட்டும் போடலாமே, ‘பூ’ என்று, என நானே கேட்டேன். அலுவலகத்துப் பெண் சிரிக்காமல், “அது வேண்டாம்” என்றாள். அந்த ஒலி ஆங்கிலத்தில் குழந்தைகள் மலத்துக்குச் சொல்லும் வார்த்தை என்பதை வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்று முதல் கோடி.

நான் வேலை பார்ப்பது சான் ஹோசே பக்கம் இருக்கும் ஒரு சீட்டாட்ட அரங்கத்தில். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் பர்னிச்சர் கடை மாதிரி இருக்கும். உள்ளே முப்பது நாற்பது மேசைகள், ஜன்னல் கிடையாது. மேசைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். சீட்டுப் போடுகிறவருக்கு டீலர் என்று பெயர். நான் முதலில் டீலராக இருந்தேன். இப்போது மேசைகளுக்கு நடுவே நடக்கிறவள். தகராறு வந்தால் டீலர் கையை உயர்த்தி “ஃப்ளோர்!” என்று கூப்பிடுவார். அப்போது போய் நின்று, பணம் யாருக்கு என்று சொல்ல வேண்டும். நான் சொல்வதே முடிவு. மறுநாள் அது தவறு என்று தெரிந்தாலும், மேசையிலிருந்து எடுத்துப்போன பணம் போனதுதான்.

என் கணவர் செந்தில் மென்பொருள் சோதிக்கிறவர். அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். கோயம்புத்தூரில் எம்.காம். முடித்தவள், இங்கே பல வருஷம் வேலை செய்யும் உரிமை இல்லாமல் வீட்டில் இருந்தேன். அந்த உரிமை வந்தபோது, என் எம்.காமை இங்கே யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வியட்நாம் பெண் ஒருத்தி டீலர் பள்ளியில் சேர்ந்திருந்தாள். நானும் போனேன். பாஸ்போர்ட்டில் எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் உரிமத்துக்காகப் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை எடுத்த இடத்தில், இருந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராக எழுதி, முதல் பெயர் தெரியாதவள் என்று என்னைப் பதிந்துகொண்டார்கள். பெயர் தெரியாத ஒருத்தியிடம் ஊர்ப்பணத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது இந்த நாடு.

2

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அம்மாவிடம் நான் பொய் சொல்லவில்லை. “சீட்டு நடத்துற எடத்துல வேல” என்றுதான் சொன்னேன். அம்மா அதை ஏலச்சீட்டு என்று எடுத்துக்கொண்டார். அமெரிக்காவிலும் சீட்டுக் கம்பெனி இருக்கிறதா என்று மகிழ்ந்து, வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. செந்தில், “விடு, ஒருவகைல கரெக்ட்தான்” என்றார்.

அம்மா அப்படி எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவரே இருபது பெண்களை வைத்துச் சீட்டு நடத்தியவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்துவிடும். அவசரம் உள்ளவர்கள் தொகையைக் குறைத்துத் தள்ளிக் கேட்பார்கள். குரலில்தான் ஏலம். ஒருமுறை என் பெரியம்மாவும், பின் வீதித் தையல்காரர் மனைவியும் ஒரே தொகையை ஒரே நேரத்தில் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு மகன் கல்லூரிக்கு, அந்த அம்மாவுக்குப் பிரசவச் செலவு. அம்மா ஒரு நொடிகூட யோசிக்காமல் தையல்காரர் மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.

இரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார். “உன்ற அக்கா குரல்தான மொதல்ல கேட்டுச்சு?”

“ஆமா. எனக்குக் கேட்டுச்சு. மத்தவிங்களுக்குக் கேட்டுச்சான்னு தெரியலயே” என்றார் அம்மா.

பெரியம்மா அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்க ரொம்ப நாள் ஆயிற்று. அம்மா செய்தது நியாயமா, பயமா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். இந்தக் கதையை அவளிடம் சொன்னபோது, “ஷீ வாஸ் ஜஸ்ட் ஸ்கேர்ட், அம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மாடிக்குப் போனாள். பதினாறு வயதில் எல்லாத் தீர்ப்புக்கும் ஒரு வரி போதும்.

3

நாச்சிமுத்து எங்கள் அரங்கத்துக்கு வர ஆரம்பித்தது போன வருஷம். எழுபதை ஒட்டிய வயது, உடுமலைப்பேட்டைக்காரர். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மகன் இங்கே கூட்டிவந்து கிரீன் கார்டு எடுத்துக் கொடுத்திருக்கிறான். வார நாட்களில் மதியம் பஸ்ஸில் வருவார். முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, சட்டைப்பையில் பேனாவோடு வந்து உட்காருவார். ஊரில் மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடிய கை. போக்கரைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

முதல் நாளே என் அட்டையை உற்றுப் பார்த்தார். பிறகு தமிழில், “பூங்கொடிங்களா, பொற்கொடிங்களா?” என்று கேட்டார்.

பத்து வருஷத்தில் அந்தப் பெயரை விரித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். “பூங்கொடிங்க” என்றேன்.

“நம்ம பக்கந்தானுங்களே, அம்மணி?”

“கோபிங்க.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் நான் வைத்துக்கொள்ளவில்லை. என் வேலையில் யாரிடமும் அதிகம் பேசக் கூடாது. அதோடு ஒரு விதியும் உண்டு. சீட்டுகள் கையில் இருக்கும்வரை மேசையில் ஆங்கிலம் மட்டும்தான். வேறு மொழியில் இரண்டு பேர் குசுகுசுத்துக் கூட்டுச் சேரக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அந்த ஆட்டம் முடிந்து, அடுத்ததற்குச் சீட்டுக் கலைக்கும் இடைவெளியில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம். வியட்நாமியர்கள், மெக்சிகோக்காரர்கள், பஞ்சாபிகள் எல்லோரும் அந்த இடைவெளியில் ஒரே நேரத்தில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். நாச்சிமுத்துவுக்கு மட்டும் அந்த இடைவெளியில் பேச ஆள் இல்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அமராவதி அணையைப் பற்றிப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

4

கேக் வெட்டிய அதே வாரம், ஒரு மழை நாள் மதியம். “ஃப்ளோர்!” என்று லின்னின் குரல் கேட்டது. லின் எங்கள் டீலர்களில் நிதானமானவள். அவள் கூப்பிட்டால் காரணம் இருக்கும்.

போனபோது மேசை கொதித்துக்கொண்டிருந்தது. ரே என்ற வாடிக்கையாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, குழாய் வேலை ஒப்பந்தக்காரர், குரல் பெரிது. அவருக்கு எதிரில் நாச்சிமுத்து தன் இரண்டு சீட்டுகளின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் வில்லைகள் குவிந்து கிடந்தன. அங்கே பணத்துக்குப் பதில் வட்ட வில்லைகள்தான் வைப்பார்கள்.

யார் சத்தம் போட்டாலும் முதலில் டீலரிடம்தான் கேட்க வேண்டும். லின் சொன்னது இது. மற்றவர்கள் விலகி, ரேயும் நாச்சிமுத்துவும் மட்டும் மிஞ்சிய ஆட்டம். கடைசிச் சுற்றில் ரே ஒரு பெரிய பந்தயம் வைத்தார். நாச்சிமுத்து அதற்கு ஈடு வைத்தால் இருவரும் சீட்டைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சீட்டை விட்டுவிட வேண்டும், நம்மூர் ரம்மியில் ஸ்கூட் விடுவது போல. அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார்.

“அவர் ‘சாரி’ என்றார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன்” என்றாள் லின்.

ரேயும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஜெயித்த மகிழ்ச்சியில் தன் சீட்டுகளைக் கவிழ்த்தபடியே லின்னிடம் வீசிவிட்டார். லின் அவற்றைக் கழிந்த சீட்டுகளோடு சேர்த்துக் கலைத்துவிட்டு, நாச்சிமுத்துவின் சீட்டை எடுக்கக் கை நீட்டியபோதுதான் அவர் அதன் மேல் வைத்திருந்த உள்ளங்கையை அழுத்தியிருக்கிறார்.

“நோ, நோ. ஐ சே ஓகே!” என்றார் நாச்சிமுத்து என்னைப் பார்த்து.

“சாரி என்று சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. இப்போது மனசு மாறிவிட்டார்” என்று ரே கத்தினார்.

மற்றவர்களைக் கேட்டேன். இரண்டு பேர் கவனிக்கவில்லை. ஒருவர் ‘சாரி’ என்றே கேட்டதாகச் சொன்னார். மூன்றாவது இருக்கையில் இருந்த இளைஞன் ஒரு காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினான். “எனக்கு ‘ஷெர்ரி’ மாதிரி கேட்டது. யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.”

எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. சென்னைக்காரர் சொன்னால் ‘சரி’ என்று வரும், ‘சாரி’யோடு குழம்பும். எங்கள் பக்கத்து ஆள் சொன்னால் ‘செரி’, அது ஒருவருக்கு ‘சாரி’, இன்னொருவருக்கு ‘ஷெர்ரி’. என் அப்பா சொல்வது, கோபி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வது. நாச்சிமுத்து ஈடு வைக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தக் கட்டிடத்தில் இதைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவர் என் முகத்தைப் பார்த்தே அதைப் படித்துவிட்டார். உடனே தமிழுக்குத் தாவினார்.

“அம்மணி, செரின்னுதானுங்க சொன்னேன். உங்களுக்குத் தெரியாதுங்களா? செரின்னா என்னன்னு இவிங்களுக்கு நீங்களே சொல்லுங்க.”

“என்ன சொல்கிறார்? உன்னிடம் என்ன சொல்கிறார்?” ரே என் பக்கம் திரும்பினார். மேசை முழுதும் திரும்பியது. பக்கத்து மேசையும்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். “சார், இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள், ப்ளீஸ்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபம் வரவில்லை. கதவைத் தட்டியவர், வீடு மாறி வந்துவிட்டோமோ என்று பெயர்ப்பலகையைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

5

மேலே கேமராக்கள் உண்டு. படம் மட்டும் பதியும், ஒலி பதியாது. கண்காணிப்பு அறைக்குப் போன் போட்டேன். ரே பந்தயம் வைத்ததிலிருந்து நாச்சிமுத்துவின் கை சீட்டின் மேல் இருந்ததா என்று மட்டும் கேட்டேன். இருந்தது, ஒருமுறைகூட எடுக்கவில்லை என்றார்கள்.

மேசைக்குத் திரும்பித் தீர்ப்பைச் சொன்னேன். ஆங்கிலம் அல்லாத ஒரு வார்த்தையோ, தெளிவாகக் கேட்காத ஒரு வார்த்தையோ கணக்கில் வராது. ஆகவே அவர் ஈடு வைத்ததாகவும் இல்லை, விட்டதாகவும் இல்லை. எதிராளி விட்டாரா என்று உறுதி செய்யாமல் ரே தன் சீட்டை வீசிவிட்டார், அது கலந்துபோயிற்று, திரும்ப எடுக்க வழியில்லை. உயிரோடு இருப்பது ஒருவர் சீட்டுதான். ஆகவே நடுவில் சேர்ந்திருந்த பணம் நாச்சிமுத்துவுக்கு. கடைசியாக வைத்த பந்தயத்துக்கு யாரும் ஈடு வைக்காததால் அது மட்டும் ரேயிடம் திரும்பும்.

ரே மேசையைத் தட்டினார். “சொந்தக்காரருக்குத்தானே கொடுப்பாய்” என்றார். அதை நான் எதிர்பார்த்திருந்தேன்.

எதிர்பாராதது நாச்சிமுத்து செய்தது. லின் வில்லைகளை அவர் பக்கம் தள்ளியதும், அவர் தன் குவியலில் இருந்து ரேயின் பந்தயத்துக்குச் சமமாக எண்ணி நடுவில் வைத்தார். “ஐ கால். மை மணி ஆல்சோ” என்றார். ஈடு வைப்பதற்கு அங்கே ‘கால்’ என்று பெயர். லின் அதைத் திருப்பித் தள்ளினாள். அவர் மறுபடி முன்னால் தள்ளினார். பாவம், கிழவருக்கு ஜெயித்ததுகூடப் புரியவில்லை என்று யாரோ சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். “சார், ஆட்டம் முடிந்தது. பணம் உங்களுடையது” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் சீட்டைக் காட்டாமல் கவிழ்த்தே கொடுத்துவிட்டு, வில்லைகளை வாரிக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு மணி நேரத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ரே புகார் கொடுத்திருந்தார். மேலாளர் பிலிப்பைன்ஸ்காரர், அதிகம் பேசாதவர். நடந்ததைக் கேட்டுக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

“அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தீர்ப்புச் சொல்லும்போதே தெரியுமா?”

“தெரியும். அதனால்தான் அதை ஒதுக்கினேன்.”

அவர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, “நல்லது, போ” என்றார். நல்லது என்றது எதை என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்குக் கேட்டது, எனக்குத் தெரிந்தது, இரண்டும் ஒன்றுதானா என்று யோசித்தேன். ஒன்று இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்று அவ்வளவு நிச்சயமாக இல்லை.

6

மாலை ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்து காரை எடுத்தேன். மழை விடவில்லை. பஸ் நிறுத்தத்தில் நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். அந்த நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது, ஒரு கம்பம்தான். முழுக்கைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

ஆடுகிறவர்களை நாங்கள் காரில் ஏற்றுவதில்லை. அன்றைக்குத் தீர்ப்புப் பெற்றவரை ஏற்றுவது இன்னும் தப்பு. ரேயின் வண்டி வாகன நிறுத்தத்திலேயே நின்றிருந்ததை நான் பார்த்திருந்தேன். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டேன். பிறகு அட்டையைக் கழற்றி டாஷ்போர்டில் போட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கினேன்.

“ஏறுங்க. கொண்டுபோய் விட்டர்றேன்.”

அவர் குனிந்து பார்த்தார். ஏறவில்லை.

“வெளிய வந்துட்டா தமிழ்ல பேசலாமுங்களா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“பேசலாமுங்க” என்றேன். அவர் ஏறிக்கொண்டார்.

ஃப்ரீவேயில் நெரிசல். வண்டி ஊர்ந்தது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

“எங்கிட்ட என்ன சீட்டு இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க?”

“தெரியாதுங்க. நாங்க பாக்கக் கூடாது.”

“ரெண்டு ஏழுங்க. வெறும் ரெண்டு ஏழு.”

நான் திரும்பிப் பார்த்தேன். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகளில் ராஜாவும் ராணியும் கிடந்த ஆட்டம் அது. வெறும் ஏழு ஜோடியை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய பந்தயத்துக்கு ஈடு வைத்தால், பெரும்பாலும் எல்லாம் போய்விடும்.

“அந்தாளு பொய்க்கு வெக்கறான்னு எனக்குத் தோணுச்சு. செரி, பாத்தர்லாம்னு சொன்னேன். தோத்திருந்தாலும் குடுத்திருப்பேன். அவன் சீட்டப் பாக்கோணும், அதுக்குத்தான காசு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வில்லைகளைத் திரும்பத் திரும்ப நடுவில் தள்ளியது புரியாமல் இல்லை. நான் கொடுத்த தீர்ப்பு அவருக்கு லாபம். சொன்னது ‘செரி’தான் என்று அந்த நொடியே எல்லோருக்கும் புரிந்திருந்தால், ரே சீட்டைக் காட்டியிருப்பார், அநேகமாக நஷ்டம். அந்த நஷ்டத்தைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சு எடுத்துட்டு வர்றேன், அம்மணி. ஆனா நானு ஒண்ணுமே பேசலைன்னு சொல்லிக் குடுத்த காசு. நானு பேசுனனில்லீங்க?”

“பேசுனீங்க. எனக்குத் தெரியும்.”

“தெரியுங்களா?”

“செரின்னு சொன்னீங்க. ஈடு வெச்சீங்க.”

அவர் இருக்கையில் சாய்ந்துகொண்டார். “அது போதுமுங்க” என்றார்.

“இன்னொருக்கா நடந்தாலும் இதேதாங்க சொல்லுவேன்” என்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“சொல்லோணும். நம்மாளுன்னு பாத்தா அப்புறம் அந்தக் கிளப்பு எதுக்கு?” என்றார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, “ஆனா மூஞ்சிய அப்படி வெச்சுக்க வேண்டாமுங்க. இங்கிலீசு பேசறப்ப உங்க மூஞ்சி வேற யாருதோ மாதிரி ஆயிருது” என்றார்.

7

மகன் வீடு மில்பிட்டாஸ் பக்கம், வரிசை வீடுகளில் ஒன்று. இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தேன். கராஜ் கதவு திறந்து, காதில் ப்ளூடூத் கருவியோடு மகனே வந்துவிட்டான். பெயர் கார்த்தி, நாற்பது வயதிருக்கும். அப்பா நனைந்து நிற்பதையும் பக்கத்தில் ஒரு தெரியாத பெண்ணையும் பார்த்தான்.

“அப்பா, லைப்ரரி நாலு மணிக்கே க்ளோஸ் பண்ணிடுவாங்களே? எங்க போனீங்க? கால் பண்ணா எடுக்கல.” பிறகு என்னிடம், “தேங்க்ஸ் மேடம். நீங்க லைப்ரரில வொர்க் பண்றீங்களா?”

யார் எங்கள் இடத்துக்கு வருகிறார்கள் என்பதை நாங்கள் வெளியே சொல்லக் கூடாது, வீட்டாரிடமும்தான். நான் வாயைத் திறக்காமல் நின்றேன். ஆமாம் என்று தலையசைத்திருந்தால் முடிந்துபோயிருக்கும். நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். என் சங்கடம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“லைப்ரரி இல்ல கண்ணு” என்றார். “சீட்டாட்டக் கிளப்பு. நானு அங்கதான் போறேன். இவிங்க அங்க நாயம் சொல்றவிங்க.”

கார்த்தி காதுக் கருவியைக் கழற்றினான். “சீட்டாட்டமா? எவ்ளோப்பா போச்சு?”

“போகல. வந்துச்சு. அதுதான் பிரச்சன.”

உள்ளே வந்துதான் போக வேண்டும் என்று மருமகள் வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். சாப்பாட்டு மேசையில் டீ வந்தது. கார்த்தி இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான். நாச்சிமுத்து தலையைத் துவட்டிக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னார், உப்புக் குப்பியை ரேயாகவும் ஊறுகாய்ப் பாட்டிலைத் தானாகவும் வைத்துக்கொண்டு. ‘ஷெர்ரி’ என்ற இடத்தில் மருமகள் சிரித்துவிட்டாள். இரண்டு ஏழு என்றதும் கார்த்தியால் பொறுக்க முடியவில்லை.

“ரெண்டு ஏழ வெச்சுட்டு யாராவது கால் பண்ணுவாங்களா? இவங்க உங்களக் காப்பாத்தியிருக்காங்கப்பா.”

“காப்பாத்தல. நாயம் சொன்னாங்க. அது வேற.”

“செரி, ‘ஓகே’ன்னு சொல்லியிருக்கலாமில்ல? அது உங்களுக்குத் தெரியும்தானே?”

நாச்சிமுத்து துண்டை மடித்துத் தோளில் போட்டார். “தெரியும். ஆனா மனசு ஒரு பக்கம் அடிச்சுட்டிருக்கறப்ப வாய்ல எது வருதோ அதுதாங் கண்ணு வரும். உனக்கு எது வரும்னு எனக்குத் தெரியாது. எனக்கு அதுதான் வருது.”

கார்த்தி ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தான். “தினமும் பஸ்லயா போறீங்க?” என்று கேட்டான். “வீட்ல எல்லாரும் ஆளுக்கொரு ரூம்ல உக்காந்துக்கறீங்க. அங்க ஒம்போது பேரு ஒரே மேசைல உக்காந்திருக்காங்க” என்றார் அவர். டீ ஆறிப்போயிருந்தது. நான் விடைபெற்றேன். கார்த்தி வாசல்வரை வந்து வழியனுப்பினான்.

மறுநாள் காலையில் மேலாளரிடம் போய், நாச்சிமுத்துவைக் காரில் ஏற்றியதைச் சொன்னேன். நாச்சிமுத்து வழக்கமாக உட்காராத மேசைகளாகப் பார்த்து என்னை ஒரு வாரம் போட்டார்கள். அது சரிதான்.

8

இரண்டு சனிக்கிழமை கழித்து நாச்சிமுத்து மறுபடி வந்தார். இம்முறை பஸ்ஸில் இல்லை. கார்த்தி கொண்டுவந்து விட்டுவிட்டு, போகாமல் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான். அதே மேசையில் ரேயும் இருந்தார்.

நான் அந்தப் பக்கம் நடந்தபோது அவர்கள் இருவருக்கும் ஒரு ஆட்டம் கனத்துக்கொண்டிருந்தது. ரே பெரிய பந்தயம் வைத்தார். நாச்சிமுத்து யோசித்தார். உதடு அசையக்கூட இல்லை. வில்லைகளை எண்ணி, இரண்டு கையாலும் முன்னால் தள்ளினார். ரே சீட்டைக் காட்டினார், கையில் ஒன்றும் இல்லை. நாச்சிமுத்துவிடம் ஒரு ஜோடி பத்து இருந்தது. லின் குவியலை அவர் பக்கம் அனுப்பினாள். தகராறே இல்லை, என்னை யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம்தான் அவர் இருக்கையில் முழுதாகத் திரும்பி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற மகனிடம் உரத்த குரலில் ஆரம்பித்தார். “பாத்தியா கண்ணு, நாஞ் சொன்னனில்ல! பொய்க்கு வெச்சான்னா அந்தாளு காது செவந்துரும்!” கார்த்தி தடுப்பின் மேல் குனிந்து, “மொதல் ரவுண்டுல ஏன்ப்பா நீங்க ஏத்தல?” என்று கேட்டான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாலு மேசைக்குக் கேட்டது.

ரே என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார். “அவர் என்ன பேசுகிறார், கோடி? இங்கே இங்கிலீஷ்தானே?”

லின் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தாள். யார் கையிலும் சீட்டு இல்லை.

“ஆட்டம் முடிந்துவிட்டது, சார்” என்றேன். “இப்போது அவர் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம்.”